ஆர்.எஸ்.புரத்து வீடு விற்பனைக்கு: வந்து பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தாத்தா கட்டிய தனி வீட்டை விற்கிறோம். எட்டு மாதமாக யார் யாரோ வந்து பார்க்கிறார்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள்தான். ஃபோனில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் குழப்புவதைவிட எழுதிவைத்துவிடுவது நல்லது என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் அம்மா, நான், இரண்டு தம்பிகள் நாலு பேரும் ஒத்துக்கொண்டவை.

ஏனுங்க, ஆர்.எஸ்.புரம்னா எந்தப் பக்கமுங்க? கடைவீதிக்குள்ளயா?

டி.பி. ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய குறுக்குத் தெரு. தெரு 30 அடி அகலம், இரண்டு பக்கமும் மரம். கடை சத்தம் வீட்டுக்குள் கேட்காது. ஆனால் சனி, ஞாயிறு சாயங்காலம் டி.பி. ரோட்டுக்கு வருகிறவர்கள் நம் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டுப் போவதுண்டு. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஏரியா உருவானதே ஒரு நெருக்கடியில்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. நெரிசலான பழைய ஊருக்கு மேற்கே காற்றோட்டமாக, நேர்த் தெருக்கள் போட்டு ஒரு புதுக் குடியிருப்பு அமைத்தார்கள். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பேரில்தான் அது இரத்தினசபாபதிபுரம் ஆயிற்று. பக்கத்திலேயே கௌலி பிரவுன் ரோட்டில் வனக் கல்லூரியும் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும் இருக்கின்றன. லாலி ரோடு தாண்டினால் வேளாண் பல்கலைக்கழகம். இவ்வளவு பச்சை நகரத்தின் நடுவில் மிஞ்சியிருக்க இந்த இரண்டும் பெரிய காரணம்.

மொத்தம் எத்தன செண்டு? கட்டடம் எவ்ளோ வரும்?

நிலம் ஒன்பதேகால் செண்டு, அதாவது ஏறக்குறைய 4,030 சதுர அடி. கீழே 1,650 சதுர அடி, மாடியில் 600. முன்திண்ணை, ஹால், மூன்று அறை, சமையலறை, பின்தாழ்வாரம். சமையலறைக்கும் கார் ஷெட்டுக்கும் மங்களூர் ஓடு. மாடி அறை 1976-ல் கட்டியது. அப்போது முன்பக்கம் இரண்டு அறைகளின் பழைய மேல்தளத்தைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள்.

செண்டு என்ன வெலைங்க?

செண்டுக் கணக்கில் நாங்கள் பேசுவதில்லை. செண்டு விலை கேட்பவர்கள் கட்டடத்தைப் பூஜ்யம் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். வீட்டை உள்ளே வந்து ஒரு முறை முழுசாகப் பாருங்கள், அப்புறம் நேரில் பேசுவோம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் கொடுத்த அறிக்கை இருக்கிறது, அதையும் காட்டுகிறோம்.

இவ்ளோ நல்ல வூட்ட எதுக்குங்க விக்கறீங்க?

அப்பா 2019-ல் தவறிவிட்டார். அம்மாவுக்கு 78 வயது, என்னோடு பொள்ளாச்சியில் இருக்கிறார். ஒரு தம்பி ஈரோட்டில், இன்னொருவன் சிங்கப்பூரில். பூட்டிக் கிடக்கிற வீடு சீக்கிரம் கெட்டுப்போகும். வாரம் ஒரு நாள் நான் வந்து ஜன்னலைத் திறந்துவைக்கிறேன், அது போதவில்லை. கடன், வழக்கு என்று எதுவும் இல்லை.

எழுவது வருச வூடு. இன்னும் எத்தன நாளைக்குங்க நிக்கும்?

1951-ல் தாத்தா இடம் வாங்கினார், 1953-ல் குடி வந்தார்கள். சுவர் செங்கல், சுண்ணாம்புக் காரை. அஸ்திவாரத்திலும் படிகளிலும் மட்டும் மதுக்கரை சிமெண்ட். அந்த ஆலை 1934-லேயே வந்துவிட்டது என்றாலும், தாத்தா மில்லில் கணக்கெழுதிய சம்பளத்தில் வீடு முழுக்கச் சிமெண்ட் வாங்க முடியவில்லை. அது நல்லதாகவே போயிற்று. வெளிச்சுவர் 14 அங்குல கனம். சுவர் எங்கும் கட்டட விரிசல் இல்லை, பின்தாழ்வாரத் தூண் ஒன்றின் அடியில் மட்டும் ஒரு கீறல் உண்டு.

எத்தனை நாள் நிற்கும் என்று நான் சொல்வது முறையாகாது. நீங்களே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவாருங்கள். எங்கு வேண்டுமானாலும் பூச்சைச் சுரண்டிப் பார்க்கட்டும். அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் அதைச் செய்யச் சொல்லித்தான் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

மேல மெட்ராஸ் ஒட்டுன்னு சொல்றாங்களே, அது என்னதுங்க? ஒழுகாதா?

வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சாய்வு வரிசையில் சுண்ணாம்பு வைத்து ஒட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் போட்டுக் கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலப்பதுண்டு. கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவில் அந்தச் சாய்வான செங்கல் வரிசை தெரியும். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன்.

ஒழுகுமா என்றால், ஹாலின் தென்மேற்கு மூலையில் ஒரு இடத்தில் பெருமழைக்குச் சொட்டும். தட்டோட்டு இடுக்குகளைச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும். இதற்குத் தெரிந்த ஆள் இன்று குறைவு, செட்டிநாட்டுப் பக்கமிருந்து வரவழைப்பவர்கள் உண்டு. தார் ஷீட்டை ஒட்டி மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று கட்டை மக்கும்.

கட்டைகளை எப்படிச் சோதிப்பது என்று அப்பா காட்டிக்கொடுத்ததைச் சொல்கிறேன். ஏணி போட்டு ஏறி, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தேக்கு டங்கென்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். கரையான் தின்ற இடம் பொத்தென்று அமுங்கும். சுவருக்குள் நுழைகிற முனையில்தான் முதலில் கெடும், அதனால் அங்கே இரண்டு முறை தட்டுங்கள். பின்னறையில் இப்படிக் கண்டுபிடித்த ஒரு கட்டையை 2016-ல் எடுத்துவிட்டு இரும்பு கர்டர் போட்டோம்.

வடக்குச் சுவத்துல வெள்ளையாப் பூத்திருக்குதே, அஸ்திவாரத்துல ஏதாச்சும் கோளாறா?

அஸ்திவாரத்தில் கோளாறு இல்லை. 2004-ல் ஒரு காண்ட்ராக்டர் பேச்சை நம்பி அந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு பூசினோம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் வெளியேற இடமில்லாமல் உப்பைத் தள்ளிக்கொண்டு வந்து பூச்சைப் பொரிய வைக்கிறது. கையால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, திரும்பச் சுண்ணாம்பே பூசினால் சரியாகும். மற்ற மூன்று பக்கமும் பழைய பூச்சுதான், அங்கே ஒரு பொட்டுக்கூடப் பூக்கவில்லை.

தண்ணி எப்படிங்க? சிறுவாணி வருதுங்களா?

வருகிறது. குழாய் நேரே கீழ்த்தொட்டிக்குப் போகும், சமையலுக்கும் குடிக்கவும் அதுதான். தண்ணீர் விடும் நாள் பருவத்தைப் பொறுத்து மாறும், கோடையில் இடைவெளி கூடும். புழங்குவதற்குப் போர் இருக்கிறது, 620 அடி. நல்ல உப்புத் தண்ணீர். கெய்சர் காயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிவரும்.

பின்னால் 40 அடிக் கிணறு ஒன்று உண்டு, எனக்கு விவரம் தெரிந்தபோதே வற்றிவிட்டது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது அப்பா மொட்டைமாடித் தண்ணீரையெல்லாம் மணல், ஜல்லி வடிகட்டி வழியாக இந்தக் கிணற்றில் இறக்கிவிட்டார். ஐப்பசி, கார்த்திகையில் எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீர் மினுங்கும். தயவுசெய்து அதை மூடிவிடாதீர்கள்.

ஏசி இல்லாம இருக்க முடியுமுங்களா?

கீழ்த்தளத்தில் இருக்கலாம், நாங்கள் இருந்தோம். சித்திரை வெயிலிலும் ஹால் மதியம் வரை சூடேறாது, கனமான சுவரும் மெட்ராஸ் ஒட்டும் செய்கிற வேலை அது. பின்தாழ்வாரம் மேற்குப் பார்த்தது. வைகாசி முடிந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆடி வரைக்கும் நேரே உள்ளே வரும். கதவுக்குக் கல் வைக்காவிட்டால் பட்டென்று அடித்துக்கொள்ளும். மாடி அறை மட்டும் கான்கிரீட் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கொதிக்கும், அங்கே ஏசி வேண்டும்.

வாஸ்து?

தலைவாசல் கிழக்கு. கிணறு ஈசானி மூலையில் இல்லை, அதற்குத் தள்ளி வடக்கில் இருக்கிறது. உங்களுக்கு நம்பிக்கையான ஆளைக் கூட்டிவந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காம்பவுண்டுக்குள்ள சந்தன மரம் இருக்குதாமே, அதையும் சேத்துத்தான் விக்கறீங்களா?

இரண்டு மரம். நாங்கள் நட்டதில்லை, பறவை போட்ட விதை. மண்ணோடு சேர்ந்த மரம் மண்ணோடுதான் போகும், தனி விலை கிடையாது. ஆனால் சொந்தப் பட்டா நிலத்தில் இருந்தாலும் சந்தன மரத்தை நாமே வெட்டவோ விற்கவோ முடியாது. எதுவானாலும் வனத்துறை வழியாகத்தான். பட்டுப்போய் விழுந்தாலும் முதலில் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

திருட்டுப் பயமும் உண்டு. 2012-ல் ஒரு நாள் காலையில் பெரிய மரத்தின் அடியில் பார்த்தால், சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தது. அள்ளி முகர்ந்தால் வெறும் பச்சை மர வாசனை. வைரம், அதாவது நடுவில் முற்றிய உள்மரம், பாய்ந்துவிட்டதா என்று துளைபோட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசனை வைரத்தில்தான் இருக்கும், அப்போது அது இளமரம். இப்போது வைரம் பிடித்திருக்கும். அந்தப் பக்கம் விளக்கும் கேமராவும் போட்டிருக்கிறோம், எடுக்க மாட்டோம்.

மற்றபடி இரண்டு மா, ஒரு வேம்பு, மூன்று தென்னை.

மூலப்பத்திரம் யார் பேர்ல இருக்குதுங்க? வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா?

1951 கிரயப் பத்திரம் தாத்தா பேரில், அசல் எங்களிடம் இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான வில்லங்கச் சான்று கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடி எடுத்து வைத்திருக்கிறோம். நகர நில அளவைப் பதிவேட்டுப் பிரதி இப்போது அம்மா உட்பட எங்கள் நாலு பேர் பெயரிலும் இருக்கிறது. சொத்து வரி, தண்ணீர் வரி, மின் கட்டணம் பாக்கி இல்லை.

உங்க அத்தமாருக்குப் பங்கு வராதுங்களா? நாளைக்கு வந்து கேஸ் போட்டா?

நியாயமான கேள்வி. தாத்தா 1984-ல் உயில் எழுதாமல் காலமானார். அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்பதால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள் நாலு பேருக்கும் சமபங்கு. 2005 திருத்தத்துக்கு முன்னால் பெண்களுக்கு ஒன்றுமில்லை என்று நம் பக்கம் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. தகப்பன் சுயமாகச் சம்பாதித்து உயில் இல்லாமல் விட்டுப்போனதில் மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு.

பாட்டி 1989-ல் போய்ச் சேர்ந்த பிறகு, 1991-ல் அத்தைகள் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். பதிவு செய்த பத்திரம், வில்லங்கத்திலும் ஏறியிருக்கிறது. சும்மா எழுதிக்கொடுக்கவில்லை, அப்பா நிலம் ஒன்றை விற்று அவர்களுக்குப் பணம் கொடுத்தார், அந்தத் தொகை பத்திரத்திலேயே இருக்கிறது. சின்ன அத்தை இப்போதும் நன்றாக இருக்கிறார். வேண்டுமானால் நேரில் பேசலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அப்ப உங்க பசங்களும் கையெழுத்துப் போடோணுமில்ல? பேரன் பேத்திக்கும் பாத்தியம் உண்டுங்களே?

பூர்வீகச் சொத்தாக இருந்தால் அந்தப் பேச்சு வரும். மேலே சொன்ன மாதிரி இது தாத்தாவின் சுயசம்பாத்தியம். அப்படிப்பட்ட சொத்து வாரிசுரிமையில் மகனுக்கு வரும்போது அது அவருடைய தனிச் சொத்தாகிறது, பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்பால் பங்கு வராது என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. ஆகவே அம்மா, நான், தம்பிகள் இருவர் கையெழுத்துப் போதும்.

இருந்தாலும் உங்கள் வக்கீலுக்கு மனம் ஆறவில்லை என்றால், மேஜரான எங்கள் பிள்ளைகள் சாட்சியாகக் கையெழுத்துப் போட வருவார்கள். கொங்கு நாட்டில் வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதுதான், இதில் எங்களுக்கு மனக்குறை இல்லை.

பத்திரத்துல ஒம்பதரை செண்டு, பட்டாவுல ஒம்பதேகால். கால் செண்டு எங்க போச்சுங்க?

முன்பக்கம் தெருவோடு போய்விட்டது. சர்வேயரை வைத்து அளந்து, நாலு மூலையிலும் கல் நட்டிருக்கிறோம். காம்பவுண்டுக்குள் இருப்பது ஒன்பதேகால்தான். கிரயப் பத்திரத்தில் செக்குபந்தியும் (நாலு பக்க எல்லை விவரம்) அளவும் அந்தக் கணக்குப்படியே எழுதுவோம். பழைய பத்திரத்தைப் பார்த்து ஒன்பதரை என்று எழுதித் தரச்சொல்லி ஒருவர் கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டோம். இல்லாத இடத்துக்கு நாளைக்கு அவர்தான் அலைய வேண்டியிருக்கும்.

பேங்க் லோன் கெடைக்குங்களா? பழைய வூட்டுக்குத் தர மாட்டாங்கன்னு சொல்றாங்களே.

கிடைக்கும், ஆனால் எதிர்பார்க்கிற அளவுக்கு வராது. வங்கி மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதைப் பார்த்து அதற்கு மிகக் குறைவாகத்தான் போடுவார். அப்புறம், 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடன் என்றால் மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம் என்பது ரிசர்வ் வங்கி வரம்பு. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். கைப்பணத்தை அதற்குத் தகுந்த மாதிரி கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1953, 1976 இரண்டுக்கும் நகராட்சி அனுமதித்த பிளான் எங்களிடம் இருக்கிறது. வங்கிகள் முதலில் கேட்பது அதைத்தான், பல பழைய வீடுகளுக்கு இந்த இடத்தில்தான் லோன் தடைப்படும்.

பத்திரச் செலவு எவ்ளோ ஆகுமுங்க?

இப்போதைய நிலவரப்படி முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். வாங்குகிறவர் செலவு. அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு. கட்டடத்துக்குத் தனியாக மதிப்புப் போட்டுச் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி அட்வான்ஸ் வாங்குகிற வேலை எங்களிடம் இல்லை.

பாதி வெள்ளை, பாதி கறுப்புன்னா ஒத்துக்குவீங்களா? எல்லாருக்கும் மிச்சமாகுமில்ல?

மாட்டோம். முழுத்தொகையும் வங்கி வழியாக, முழுத்தொகையும் பத்திரத்தில். சொத்து வாங்க, விற்க 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கைமாறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது.

மிச்சம் என்பதும் உண்மையில்லை. குறைத்து எழுதிய விலைதான் நீங்கள் நாளைக்கு விற்கும்போது உங்கள் வாங்கிய விலையாகக் கணக்காகும், அன்றைக்கு லாபம் பெரிதாகத் தெரிந்து வரி உங்கள் தலையில் வரும். அதோடு, 78 வயதில் அம்மாவை ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடவைக்க எனக்கு மனம் வராது.

உங்க தம்பி சிங்கப்பூர்ல இருக்காராமே, வாங்கறவங்களுக்கு ஏதாச்சும் சிக்கல் வருமா?

கவனிக்க வேண்டிய விஷயம், பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்தென்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அது இந்தியாவில் குடியிருக்கும் எங்கள் மூன்று பேர் பங்குக்கு. வெளிநாட்டில் குடியிருக்கும் தம்பியின் பங்குக்கு 1 சதவீதம் செல்லாது, அதைவிட மிக அதிகமான விகிதத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை வாங்கியவரைத்தான் கேட்கும்.

தம்பி தன் பங்குக்குக் குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்று கேட்டு விண்ணப்பிக்கப் போகிறான். அந்தச் சான்று வந்த பிறகுதான் கிரயத் தேதி வைப்போம், ஒப்பந்தத்தில் அதற்கும் நாள் விட்டு எழுதுவோம். கையெழுத்துப் போட அவனே நேரில் வருகிறான், பவர் பத்திரம் கிடையாது.

இடிச்சுட்டு அபார்ட்மெண்ட் கட்டலாமுங்களா? நீங்க ஏதாச்சும் கண்டிசன் போடுவீங்களா?

போட மாட்டோம், போட்டாலும் நிற்காது. முழு உரிமையையும் விற்றுவிட்டு, இன்ன மாதிரிதான் அனுபவிக்க வேண்டும் என்று எழுதும் நிபந்தனை 1882-ஆம் வருடச் சொத்து மாற்றச் சட்டப்படி செல்லாது. எத்தனை மாடி கட்டலாம் என்பது 2019-ல் வந்த கட்டட விதிகள், தெரு அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம் இவற்றைப் பொறுத்தது. 30 அடித் தெருவை மனதில் வைத்து ஆர்க்கிடெக்ட்டிடம் கேளுங்கள்.

எங்கள் ஆசையை மறைக்க மாட்டேன். குடியிருக்க வருகிறவருக்குக் கொடுக்கத்தான் விருப்பம், அதற்காக விலையில் கொஞ்சம் இறங்கவும் நாலு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவேளை இடிப்பதாகவே இருந்தால், தேக்குக் கட்டையையும் நிலவு (வாசற்சட்டம்), கதவுகளையும் உடைசலோடு தள்ளிவிடாதீர்கள். பழைய மரக்கடைக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள், இன்னொரு வீட்டில் நூறு வருஷம் இருக்கும்.

புரோக்கர் இல்லாம நேரா வந்தா வெல கொறையுங்களா?

எங்கள் பக்கம் கமிஷன் மிச்சமாகும், அதை உங்களுக்கே விட்டுவிடுவோம். புரோக்கர் மூலம் வந்தவர் என்றால் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். அவரைத் தாண்டி வர வேண்டாம்.

ஊஞ்சலு, ஆட்டுக்கல்லெல்லாம் விட்டுட்டுப் போவீங்களா?

ஹால் ஊஞ்சலின் கொக்கி மேலே தேக்குக் கட்டையில் முடுக்கியிருக்கிறது, பலகையும் சங்கிலியும் அங்கேயே இருக்கட்டும். ஆட்டுக்கல் தரையில் பதித்தது, அதுவும் வீட்டோடு சேர்ந்தது. அம்மியை மட்டும் அம்மா கேட்டிருக்கிறார், எடுத்துப்போகிறோம். பூஜை அறை நிலவில் தாத்தா ஆணியால் கீறிவைத்த தேதி ஒன்று உண்டு, 1953 தை மாதம். பெயிண்ட் அடிக்கும்போது அதன் மேல் அடிக்காமல் விட்டால் சந்தோஷப்படுவோம்.

எப்பங்க வந்து பாக்கறது?

ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து நான் அங்கேதான் இருப்பேன். முதல் தடவை எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். பிடித்திருந்தால் இரண்டாவது தடவை மழை பெய்யும்போது வாருங்கள், ஒரு ஃபோன் செய்தால் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி வந்துவிடுகிறேன். ஹாலில் தென்மேற்கு மூலையில் வாளி எங்கே வைக்கிறோமோ அங்கேயே இருக்கும்.